வீரனுக்கு வியாழக்கிழமை

மகனே,

நீ உன் தங்கைக்கு எழுதிய கடிதத்தை நான் பிரித்துப் படித்துவிட்டேன். அதற்காக மன்னிப்புக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை. மெட்ராஸுக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. அப்பன் இருக்கிறானா போய்ச் சேர்ந்தானா என்று ஒரு கார்டில் கேட்க உனக்குக் கை வரவில்லை. ஆனால் ஒரு நாய்க்காக நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், அதுவும் இரண்டு பக்கமும் மை ஊறும்படி. உறையின்மேல் பார்வதியின் பெயர் இருந்தது உண்மைதான். இருந்தாலும் இந்த வீட்டு வாசலைத் தாண்டி வரும் காகிதம், காற்று, காக்கை அனைத்துக்கும் முதல் உரிமை எனக்கு என்பது உன் பாட்டன் காலத்துச் சட்டம். நான் மாற்றவில்லை. நாலாம் பக்கத்தின் கடைசியில் நீ எழுதியிருப்பதை உனக்கே திருப்பி எழுதுகிறேன், மின்விசிறிக் காற்றில் மறந்துபோயிருக்கலாம்: "வீரனை அப்பா பொறுப்பில் மட்டும் விட்டுவிடாதே. அது எப்போது சாகும் என்று பன்னிரண்டு வருடமாகக் காத்திருக்கிறவர் அவர்."

ஒப்புக்கொள்கிறேன். காத்துத்தான் இருந்தேன். சேரனும் சோழனும் பாண்டியனும் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டைகள் எல்லாம், எனக்கும் அந்த நாய்க்கும் நடந்த யுத்தத்தின் முன்னால் பல்லாங்குழி ஆட்டம். நீ அதற்கு வீரன் என்று ஒரு பெயர் வைத்தாய். நான் நாற்பது பெயர் வைத்தேன். ஒன்றுகூடத் தபாலில் அனுப்பத் தகுந்ததல்ல. நீ ஹைஸ்கூலில் சேர்ந்த வருடம், ஆனைக்குட்டத்தில் இருக்கிற அத்தை வீட்டுக்குப் போனவன், பூகோளப் புத்தகத்தை அங்கேயே போட்டுவிட்டுப் பைக்குள் இதை வைத்துக்கொண்டு வந்தாய். வந்த அன்று என் உள்ளங்கை அகலம். ஒரே மாதத்தில் யானைக்கன்று. அது குடித்த பாலைத் தேக்கி வைத்திருந்தால் வைப்பாற்றில் சித்திரை மாதமும் வெள்ளம் ஓடியிருக்கும். தின்கிற வாய் கொஞ்சம் உழைக்கட்டும் என்றுதான் நான் அதை நம் பட்டாசுக் கம்பெனி கேட்டுக்குக் கொண்டுபோனேன். அந்த உத்தியோகம் நான் போட்டுக் கொடுத்தது. அதுதான் நான் செய்த முதல் பிழை.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். தேசம் முழுவதும் அடுப்புப் பற்றவைக்கிற தீப்பெட்டி நம் ஊரில் இருந்து போகிறது. ஆனால் பட்டாசுக் கம்பெனி கேட்டுக்குள் ஒரு குச்சி நுழையக் கூடாது. உள்ளே போகிற ஆண், பெண் எவரானாலும் காவலுக்கு நிற்கும் முத்தையா மடியையும் முந்தானையையும் உதறிக் காட்டச் சொல்வான். அவன் பக்கத்தில் நின்று நின்று இந்த நாய் ஒரே வருடத்தில் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டது. முத்தையா தடவியும் கிடைக்காத பீடிக்கட்டை இது பத்தடி தூரத்தில் நின்று கண்டுபிடித்தது. அதன் புகழ் தாயில்பட்டி வரைக்கும் பரவியது. சாத்தூர் ரோட்டில் பஸ்ஸில் போகிறவன் பையில் தீப்பெட்டி இருந்தால்கூட இங்கே நின்று குரைக்கும் என்று நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். என் மடி அந்த ரோட்டைவிடப் பக்கத்தில் இருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது. பீடி எனக்கு உண்டு. கேட்டுக்கு வெளியே, மைல் கல்லுக்குப் பின்னால் ஒன்றைப் புகைத்துவிட்டு, பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் அங்கேயே கல்லுக்கடியில் செருகிவிட்டு உள்ளே போவது என் தினசரிப் பூஜை. அன்று ஒரு சனிக்கிழமை. உனக்குப் பள்ளிக்கூடம் லீவு. நீ கேட்டோரம் நின்றாய். வேலைக்கு வந்த பெண்கள் வரிசையில் நின்றார்கள். நான் மகாராஜாவைப் போல நடந்து வந்தேன். நாய் எழுந்து குறுக்கே நின்றது. குரைத்தது. விலகவில்லை. முத்தையா, "மொதலாளி, கோவிச்சுக்கிடாதீக. மடிய ஒரு தடவ பாத்துக்கிடலாமா?" என்றான். "ஏலே, ஏங் கேட்டுல நின்னுக்கிட்டு எம் மடியவா பாப்ப?" என்று நான் கத்தினேன். வரிசையில் இருந்து ஒருத்தி, "நாய்க்கு மொதலாளியும் ஒண்ணுதான், கூலிக்காரியும் ஒண்ணுதான் போலருக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் அதை உதைத்தேன். அது உருண்டு எழுந்து மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றது. "வெறி பிடிச்சுப்போச்சு. கட்டிப்போடு. துப்பாக்கிக்காரனக் கூட்டியாரச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டேன்.

மூன்று நாள் அது சங்கிலியில் கிடந்தது. மூன்று நாளும் நீ சோறு தின்னாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். "அப்பா, வெறின்னா தண்ணியப் பாத்தா பயப்படுமாமே. இது ரெண்டு சட்டி குடிச்சுருச்சே" என்று கேட்டாய். அதற்கு உன்னை அறைந்தேன். நாலாம் நாள், வெறி தெளிந்துவிட்டது என்று நானே அறிவித்தேன். உலக வைத்திய வரலாற்றில் வெறிநாய்க்கு வெறி தெளிந்தது அந்த ஒரு நாள்தான்.

என் மடியில் தீப்பெட்டி இருந்தது, மகனே. கல்லுக்கடியில் வைக்க மறந்துபோயிருந்தேன். உள்ளே ஷெட்டுகளில் கை நிறைய வெடிமருந்தோடு நாற்பது பெண்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் கிணற்றில் அதைப் போட்டது முத்தையாவுக்குத் தெரியும். அவன் பின்னாலேயே வந்திருந்தான். இன்றுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. அது பொய்யாகக் குரைத்திருந்தால் நான் அதை என்றைக்கோ மன்னித்திருப்பேன். அது சரியாகக் குரைத்தது. அதற்குத்தான் பன்னிரண்டு வருடமாக அதன் முகத்தில் விழிக்காமல் இருந்தேன். உனக்கு நான் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனாய். இதையாவது வைத்துக்கொள்: தப்புச் செய்தால் அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் சொல்லிவிடு. தள்ளிப்போட்டால் அது உன் வீட்டில் உட்கார்ந்து உன் சோற்றையே தின்னும்.

நான் இதை எழுதுவது, நீ உருகி என் காலில் விழவேண்டும் என்பதற்காக அல்ல. உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் அப்படியே பத்திரமாக இருக்கிறது. இனிமேல்தான் அதை எடுக்கப்போகிறேன்.

ஆடி மாதத்தில் அதற்குப் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. வீட்டுக்குத் தூக்கி வந்தோம். தூக்கியது யார் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விருதுநகரில் இருந்து மாட்டு டாக்டரை வரவழைத்தேன். மாட்டு ஆஸ்பத்திரி என்று போர்டு இருந்தாலும் நாய்க்கும் பார்க்கிறவர்தான், நல்ல மனிதர். வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே கட்டி இருக்கிறது, ஒரு மாதம் தாங்கினால் அதிகம், வலி முற்றினால் ஓர் ஊசி போட்டு அமைதியாக அனுப்பிவிடலாம் என்றார். உன் அம்மா அவரை எமனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "டாக்டரய்யா, நீங்க உசுரக் காப்பாத்தப் படிச்சீகளா, எடுக்கப் படிச்சீகளா?" என்று கேட்டாள். முன்னால் வைத்த காபியைக் குடிக்காமல் அவர் போய்விட்டார்.

பார்வதி இதை உனக்கு எழுதினாள். உடனே பறந்து வந்தது உன் நாலு பக்கச் சாசனம். ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் படித்து எட்டுக் கட்டளைகள் போட்டிருந்தாய். மெத்தையில் படுக்க வை. காய்ச்சின நீர் கொடு. இருட்டறை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கோடு வேறு போட்டு: "வெடிச் சத்தம் அதன் காதில் விழவே கூடாது. நாய்களுக்கு வெடி என்றால் மரண பயம். சாகும்போதாவது அதற்கு நிம்மதி கொடுங்கள்." இந்த நிம்மதி வரி எனக்காக எழுதியது என்று தெரியாமல் இல்லை. சரி, ஒரு தடவையாவது உன் பேச்சைக் கேட்டுத் தொலைப்போம் என்று முடிவு செய்தேன்.

தீபாவளி சீசன், மகனே. லோடு ஏறிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியிலும் மூன்று மணிக்கு, அன்றைய சரக்கில் இருந்து சிலதை எடுத்துப் பொட்டலில் வெடித்துப் பார்த்தால்தான் பெட்டி கட்ட முடியும். இந்த நேரத்தில், நம் வெடிப்பை நிறுத்திவிட்டு, சுற்றியுள்ள மூன்று கம்பெனிக்காரர்களிடமும் வேட்டியைத் தழைத்து விட்டுக்கொண்டு போய் நின்றேன். பொட்டலை விட்டு ஓடைக்கு அந்தப் பக்கம் போய் வெடித்துப் பாருங்கள், நாய் படுத்திருக்கிறது என்றேன். கிழக்குக் கம்பெனிக்காரர் என்னைத் தலையில் இருந்து கால் வரைக்கும் பார்த்தார். "அண்ணாச்சி, சாவுக்கு வெடி போடுங்கன்னு ஆர்டர் குடுக்க வந்த ஆளத்தான் பாத்துருக்கேன். வெடிக்காதேன்னு வந்த மொத ஆளு நீங்கதான்" என்றார். ஆனாலும் ஒத்துக்கொண்டார்கள். சத்தம் நின்றது. இந்த வட்டாரத்தில் வெடி கேட்காத மத்தியானம் வந்ததும் கோழிகள் முட்டையிட மறந்தன. தூளியில் கிடந்த பிள்ளைகள் தூக்கம் வராமல் அழுதன. யுத்தம் வந்துவிட்டதா, சர்க்கார் தடை போட்டுவிட்டதா என்று அச்சங்குளத்தில் இருந்து ஆள் அனுப்பி விசாரித்தார்கள். இதெல்லாம் உன் ஒரு கோட்டுக்காக.

நாய் சாப்பாட்டை நிறுத்தியது. முதல் நாள் முகர்ந்து பார்த்தது. இரண்டாம் நாள் முகரவும் இல்லை. மூன்றாம் நாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டது. நாலாம் நாள் காலையில் உன் அம்மா அதன் நெற்றியில் திருநீறு பூசி, பிள்ளைகளுக்குப் புகட்டும் பாலாடையில் பால் விட்டாள். பால் கடைவாயில் வழிந்தது. "போதும்ங்க. அதுக்குப் போற நேரம் வந்துருச்சு" என்றாள். பார்வதி அதன் சாப்பாட்டுத் தட்டைத் துலக்கி, சுவரோரமாகக் கவிழ்த்து வைத்தாள். டாக்டருக்கு நானே ஆள் அனுப்பினேன். வீடே அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. நான் மட்டும் தள்ளி உட்கார்ந்திருந்தேன். எனக்கு அதனிடம் சொல்ல வேண்டியது இருந்தது. பெண்கள் முன்னால் சொல்ல முடியவில்லை.

மூன்று மணிக்குக் கிழக்குக் கம்பெனிக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. ஓடைவரை நடக்க முடியாமல் பொட்டலிலேயே ஓர் ஒற்றை வெடியை வைத்துவிட்டார். இடி மாதிரி விழுந்தது. உன் அம்மா, "பாவி மனுசன்" என்று ஓடிப்போய் அதன் காதைப் பொத்தினாள். அவள் கைக்குள்ளிருந்தே காது நிமிர்ந்தது. தலை தூக்கியது. முன்னங்காலால் உடம்பை இழுத்துக்கொண்டு, அறையைக் கடந்து, கவிழ்த்து வைத்திருந்த தட்டிடம் போய் மூக்கால் அதைத் தள்ளியது. திருப்பு, திருப்பு என்று தள்ளியது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெடித்துப் பார்க்கிற அரை மணி நேரம் கேட்டைச் சாத்திவிடுவார்கள். யாரும் உள்ளே வரவும் கூடாது, வெளியே போகவும் கூடாது. முத்தையாவுக்கு அதுதான் ஓய்வு. தூக்குச்சட்டியைத் திறப்பான். பன்னிரண்டு வருடமாக, முதல் வெடிக்கு அப்புறம் முதல் கவளம் அதற்கு. வெடி கேட்டால் அதற்குச் சோறு. வெடி கேட்காவிட்டால் இன்னும் நேரம் ஆகவில்லை, அவ்வளவுதான். நாலு நாளாக அது சாகக் கிடக்கவில்லை, மகனே. மூன்று மணி ஆகட்டும் என்று காத்துக் கிடந்திருக்கிறது. லண்டனில் உட்கார்ந்து புத்தகம் எழுதியவனுக்கு இது தெரியாது. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டோரமே வளர்ந்த உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். படுத்துக் கிடக்கிற ஓர் உயிரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று புத்தகத்தைக் கேட்காதே. அது எப்படி வாழ்ந்தது என்று பக்கத்தில் இருந்தவனைக் கேள். இரண்டு பேரும் முத்தையாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றைக்கு வந்த டாக்டரைத் திருப்பி அனுப்பினோம். அதுமுதல் தினமும் மூன்று மணிக்கு நானே வாசலுக்கு வெளியே ஒன்றைக் கொளுத்துகிறேன். அது சாப்பிடுகிறது. உன் கணக்கில் இது சுபமாக முடிந்திருக்கும். இங்கேதான் விபரீதம். சாப்பிடுகிற நாய் சாகாது என்று உன் அம்மா முடிவு கட்டிவிட்டாள். தீபாவளிக்கு அதற்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதாகத் திட்டம். ஒரு வாரம் கழித்து டாக்டர் மறுபடியும் வந்து பார்த்தார். "அது பசிச்சுச் சாப்பிடலைங்க, பழக்கத்துக்குச் சாப்பிடுது. தின்னு முடிச்சதும் வலியில முறுக்கிக்கிறது நீங்க பாக்கலையா?" என்றார். நான் பார்த்திருந்தேன். வாயில் துணியைக் கடித்துக்கொண்டு முறுக்கும். பார்வதியும் பார்த்திருந்தாள். உன் அம்மாவும் பார்த்திருப்பாள். ஆனால் அவள் பிடி தளரவில்லை. "எம் மவன் செல்வம் வரட்டும். அவன் மொகத்தப் பாக்காம அது போகக் கூடாது. எம்புட்டு நாளானாலும் நான் வச்சுக் காப்பாத்துவேன்" என்றாள். நீயோ எழுதியிருக்கிறாய், எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் வருகிறேன் என்று. வலியைத் தின்றுகொண்டு அது யாருக்காகக் கிடக்கிறதோ, அவன் அது செத்தால்தான் வருவானாம். எனக்குக் கோபம் வருமா வராதா?

ஆகவே நான் இன்னொரு குற்றம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா, "அவன் கடுதாசிய இன்னொருக்கா படிங்க" என்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாதது எனக்கு அன்று உதவியாக இருந்தது. படித்தேன். எட்டுக் கட்டளைகளையும் தர்பாரில் படிப்பது மாதிரி படித்தேன். நாலாம் பக்கத்தில் என்னைப் பற்றிய வரிக்கு வந்ததும், அதைத் தாண்டி, அங்கே இல்லாததைப் படித்தேன்: "அம்மா, எனக்காக வீரனைப் பிடித்து வைக்க வேண்டாம். நான் வர முடியாவிட்டாலும் பரவாயில்லை. வலி இல்லாமல் போகட்டும்."

பார்வதி அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தவள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "பார்வதி, அப்பா படிக்கது நெசந்தானா? அங்கன அப்படியா போட்டுருக்கான்?" என்று கேட்டாள். இந்த வீட்டில் பொய்யே பேசாத ஒரே ஆள் உன் தங்கை. "ஆமாம்மா. அதான் கடைசி வரி" என்றாள்.

உன் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அவன் மனசு வெண்ணெ. அவன் அப்பன மாதிரியா?" என்று என்னையும் ஓர் இடி இடித்துவிட்டு எழுந்துபோய் நாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையைத் தடவிக்கொண்டே அதனிடம் சொன்னாள்: "ஏலே வீரா, ஒங் கூட்டாளி எழுதிட்டான்டா. அவனுக்காக அம்புட்டு வலியையும் தாங்கிக்கிட்டுக் கெடக்க வேண்டாமாம்." நானும் அவள் எழுந்துபோன பிறகு அதன் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தீப்பெட்டி விஷயத்தை. அதற்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு வெடி போட்டு, அது சாப்பிட்டதும், வலி தொடங்கும் முன்னால் டாக்டர் ஊசி போடுவார். இந்தக் கடிதம் செவ்வாய்க்கிழமை உனக்குக் கிடைக்கும். அன்றே ரயில் ஏறினால் புதன்கிழமை விருதுநகர் ஜங்ஷனில் இறங்கலாம். வந்தால் என்னோடு பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனக்கும் உன்னோடு பேச ஆசை பொங்கி வழியவில்லை. தலைப்பக்கம் நீ உட்கார்ந்துகொள், நான் விலகிக்கொள்கிறேன். வராவிட்டால் அந்த இடத்தில் நான் உட்காருவேன். கடைசியில் அப்பா நினைத்ததைச் சாதித்துவிட்டார் என்று நீ அடுத்த கடிதத்தில் எழுதலாம். எழுது. வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. நீ வந்தாலும் வராவிட்டாலும், இன்றோ பத்து வருடம் கழித்தோ, உன் அம்மா உன்னிடம் கேட்பாள், "நீதானலே அப்படி எழுதின?" என்று. ஆமாம், நான்தான் எழுதினேன் என்று நீ சொல்லிவிடு. என்னைக் காப்பாற்றுவதற்காக அல்ல. வியாழக்கிழமை அவள் அந்த வரியை நம்பித்தான் அதன் தலையில் இருந்து கையை எடுக்கப்போகிறாள்.

உன் அப்பா